ஆலோசனைக்கு என்ன கூலி?

எங்கள் பாடாலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடாத குடும்பம் குறைவு. மூட்டை கட்டித் திருச்சி மண்டிக்கு ஏற்றிவிட்டால், விற்றபின் கைக்கு ஒரு சீட்டு வரும். எத்தனை மூட்டை, என்ன எடை, என்ன விலை, அதில் வண்டி வாடகை எவ்வளவு, இறக்குக்கூலி எவ்வளவு, மண்டிக் கமிஷன் எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கும். கமிஷன் ஜாஸ்தி என்று நம் ஆள் திட்டுவார். ஆனால் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். நகைக்கடைக்குப் போனாலும் அப்படித்தான். செய்கூலி என்ன, சேதாரம் என்ன என்று கேட்காமல் நம் வீட்டுப் பெண்கள் ஒரு மூக்குத்திகூட வாங்க மாட்டார்கள்.

அதே குடும்பத்தில் ஒருவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பணிக்கொடை, சேமநல நிதி, கமுட்டேஷன், விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்து இருபது முப்பது லட்சம் ஒரே மாதத்தில் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. அதுவரை அவரைத் திரும்பிப் பார்க்காத மேலாளர் எழுந்து நின்று நாற்காலி போடுகிறார். "சார், நாங்க உங்ககிட்ட ஒரு பைசா வாங்கறதில்ல, அட்வைஸ் ஃப்ரீ" என்கிறார். மூக்குத்திக்குச் சேதாரம் கேட்ட குடும்பம், முப்பது லட்சத்துக்கு எதுவும் கேட்பதில்லை. "இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து விடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பெரம்பலூர் சார்நிலைக் கருவூலத்தில் கிளார்க்காக இருந்தவன். பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1995-இல். கருவூலத்தில் முதல் நாளே சொல்லித்தருவது ஒன்று: வவுச்சர் இல்லாமல் அரசுப் பணம் ஒரு பைசாவும் வெளியே போகக்கூடாது. யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்ற மூன்றும் காகிதத்தில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் பில் திரும்பிப் போகும். முப்பத்து சொச்ச வருடம் இப்படியே பழகியதால், சொந்தப் பணத்திலும் வவுச்சர் தேடும் புத்தி எனக்கு வந்துவிட்டது. நம் முதலீட்டிலிருந்து வருடா வருடம் ஒரு தொகை வேறு ஒருவருக்குப் போகிறது. அதற்கு வவுச்சர் எங்கே?

என்னோடு வேலை பார்த்த ஒருவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், 2017-இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். பெயர் வேண்டாம், இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். கையில் வந்தது ஏறக்குறைய 28 லட்சம். ஒரு தனியார் வங்கியில் அவருக்குக் கணக்கு. அங்கே இருந்த இளைஞர், "சார், இது எஃப்.டி. மாதிரிதான், வட்டி கூட வரும், இன்சூரன்ஸ் இலவசம்" என்று சொல்லி 3 லட்சத்துக்கு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். அடுத்த வருடம் அதே மாதம் குறுஞ்செய்தி வந்தது: இரண்டாவது பிரீமியம் 3 லட்சம் கட்ட வேண்டும். பாலிசியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பிரித்துப் படித்தேன். 12 வருடம் கட்ட வேண்டிய எண்டோமென்ட் பாலிசி. 12 வருடத்துக்கு 36 லட்சம். அவரிடம் இருந்த மொத்தப் பணமே 28 லட்சம்.

"அண்ணே, பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்த பணம்ணே" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த இளைஞர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. மாத இலக்கு கொடுத்து, அதை எட்டாவிட்டால் வேலை நிலைக்காது என்று மிரட்டப்படும் பிள்ளை. பார்க்க வேண்டியது அவருடைய நிறுவனத்துக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதை. 12 வருடமோ அதற்கு மேலோ பிரீமியம் கட்டும் பாலிசிக்கு, முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன் கொடுக்கலாம் என்று அப்போதைய விதி இருந்தது. 3 லட்சத்துக்கு அது 1,05,000 ரூபாய் வரை போகலாம். அதே 3 லட்சத்தை வங்கியின் வைப்புநிதியிலேயே போட வைத்திருந்தால் கமிஷன் ஏது? இரண்டில் எதை எடுத்துச் சொல்வார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரலிலிருந்து பாலிசி வாரியான உச்சவரம்பு எடுக்கப்பட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு வரம்பு என்று மாறிவிட்டது. முதல் வருடத்தில்தான் கூலி கொழுப்பு என்பது பெரிதாக மாறவில்லை.

பாலிசி பிடிக்கவில்லை என்றால் திருப்பித்தர ஒரு அவகாசம் உண்டு. அப்போது பொதுவாக 15 நாள். இப்போது 30 நாள். அவருக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினோம். அதில் அவருடைய தொழில் வணிகம், ஆண்டு வருமானம் 8 லட்சம் என்று எழுதியிருந்தது. ஓய்வூதியர் என்ற சொல்லே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நான் மனு எழுதினேன். மனு எழுதுவதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்! முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு. உருப்படியான பதில் இல்லை. பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு. ஓய்வூதிய ஆணையையும் சேர்த்து அனுப்பினோம். சில மாதம் கழித்து, அதை ஒற்றைப் பிரீமியம் பாலிசியாக மாற்றித்தர உத்தரவு வந்தது. பணம் வருடக்கணக்கில் முடங்கினாலும் முழுகாமல் தப்பியது. குறைதீர்ப்பாளரிடம் போக வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இந்தத் தகவல் மட்டும் பயன்பட்டாலும் போதும்.

சரி, ஆலோசனை சொல்கிறவர்கள் எப்படியெல்லாம் கூலி வாங்குகிறார்கள்? நான் தெரிந்துகொண்ட அளவில் இரண்டே வழிகள். ஒன்று, பொருளை விற்பவர் கொடுக்கும் கமிஷன். இரண்டு, நாமே கொடுக்கும் கட்டணம்.

பிரெஞ்சு மொழியில் இவ்விரண்டுக்கும் வேறு வேறு சொல் உண்டு. அப்பாவின் வேலை நிமித்தம் என் பள்ளிப்படிப்பு புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் நடந்தது என்று முன்பே எழுதியிருக்கிறேன். வைத்தியருக்கும் வக்கீலுக்கும் கொடுப்பதை அவர்கள் ‘ஒனொரேர்’ என்பார்கள். ‘ஒனேர்’ என்றால் மானம், மதிப்பு. தரகருக்குப் போவது ‘கொமிசியோன்’. சொத்துப் பத்திரம் எழுதும் ‘நொத்தேர்’ வாங்கும் தொகையோ அரசு வகுத்த அட்டவணைப்படி. யார் எந்தச் சொல்லுக்குள் வருகிறார் என்று தெரிந்தால், அவர் யாருடைய ஆள் என்பதும் தெரிந்துவிடும். நம் ஊரிலும் இது புதிதல்ல. மணப்பாறை மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைப் பார்த்திருப்பீர்கள். வைத்தியர் அப்படித் துண்டுக்குள் கைவிட்டுப் பேசுவதில்லை.

முதல் வழியான கமிஷனைப் பார்ப்போம். மியூச்சுவல் ஃபண்டில் ஒரு காலத்தில் நுழைவுக் கட்டணம் என்று 2.25 சதவீதம் வரை பிடிப்பார்கள். ஒரு லட்சம் கொடுத்தால் 97,750 ரூபாய்தான் முதலீட்டில் சேரும். 2009 ஆகஸ்ட் 1 முதல் செபி அதை ஒழித்தது. அதன்பின் கமிஷன், நிதியின் செலவு விகிதத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பங்குத் திட்டங்களுக்கு அந்த விகிதத்தின் உச்சவரம்பை 2018-இல் 2.25 சதவீதம் என்று வைத்தார்கள். நிதி பெரிதாகப் பெரிதாக வரம்பு குறையும். அதே வருடம் அக்டோபரில், விற்றவுடன் மொத்தமாகக் கொடுக்கும் முன்கமிஷனுக்கும் தடை வந்தது. இப்போது, நாம் பணத்தை விட்டுவைத்திருக்கும் காலம் வரை ஆண்டுதோறும் விற்றவருக்கு ஒரு பங்கு போகும். இதற்கு ‘டிரெயில்’ என்று பெயர். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிதியின் மதிப்பிலிருந்து கழிவதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

2013 ஜனவரி 1 முதல் எல்லா நிதிகளிலும் ‘டைரக்ட் பிளான்’ என்று ஒன்று உண்டு. அதே நிதி, அதே மேலாளர். இடையில் ஆள் இல்லை, கமிஷனும் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் வருடத்துக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் போட்டு 10 வருடம் விட்டால், 9 சதவீதத்தில் 23.67 லட்சம் ஆகும். 8 சதவீதத்தில் 21.59 லட்சம். வித்தியாசம் 2 லட்சத்துக்கு மேல். ‘ஒரு சதவீதம்தானே’ என்கிற பேச்சின் உள்ளே இருப்பது இது. யாராவது நம்மிடம் வந்து 2 லட்சம் ரொக்கமாகக் கேட்டால் கொடுப்போமா?

நான் தேடிய வவுச்சர் ஒன்று மியூச்சுவல் ஃபண்டில் உண்மையிலேயே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், உங்கள் முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்குக் கொடுக்கப்பட்ட கமிஷனை ரூபாயில் போட வேண்டும் என்று 2016-லேயே செபி உத்தரவிட்டுவிட்டது. மின்னஞ்சலில் வந்து கிடக்கும். நம்மில் பலர் திறப்பதே இல்லை. பேரப்பிள்ளையை விட்டுத் திறக்கச் சொல்லி ஒருமுறை பாருங்கள்.

இனி இரண்டாவது வழி. 2013-இல் செபி முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி பதிவு செய்துகொண்டவர் நம்மிடம் மட்டும்தான் கூலி வாங்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லி, அதே குடும்பத்துக்குக் கமிஷன் பொருளும் விற்கக் கூடாது என்று 2020-இல் இன்னும் இறுக்கினார்கள். கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. நம் முதலீட்டின் மதிப்பில் சதவீதக் கணக்கில் வாங்கினால் ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. நிலையான தொகை என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,25,000 என்று முதலில் இருந்தது. 2025-இல் 1,51,000 ஆக்கினார்கள். இது உச்சவரம்புதான், எல்லோரும் இவ்வளவு வாங்குவார்கள் என்று பொருளல்ல. ரொக்கமாக வாங்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், ஓராண்டுக்கு மேற்பட்ட கட்டணத்தை முன்கூட்டிக் கேட்கக் கூடாது. 50 லட்சத்துக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு ‘போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட்’ என்று வேறொன்று உண்டு. அதில் நிலையான கட்டணத்தோடு லாபத்திலும் பங்கு கேட்பார்கள். நம்மைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு அது தேவைப்படாத சமாசாரம்.

என் நண்பருக்கு 2019-இல் 60 வயது முடிந்தது. பாலிசியில் சூடுபட்டவர், திருச்சியில் இப்படிப் பதிவு செய்த ஆலோசகர் ஒருவரிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஒருமுறைக் கட்டணம் 15,000 ரூபாய். அந்த அம்மா இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்: வீட்டுச் செலவு, மகள் கல்யாணம், கடன், மனைவியின் உடல்நிலை, குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்பது வரை. ஒரு வாரம் கழித்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். சுருக்கம் இவ்வளவுதான்: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போடுங்கள் (அப்போது உச்சவரம்பு அதுதான், 2023 ஏப்ரலில் 30 லட்சமாயிற்று). கல்யாணப் பணத்தை வங்கி வைப்பில் வையுங்கள், அதைத் தொடாதீர்கள். ஒரு சிறு பகுதி மட்டும் டைரக்ட் பிளானில். புதிய இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம்.

வீட்டில் அவர் மனைவி பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "போஸ்டாபீஸ்ல போடுன்னு சொல்றதுக்கு பதினஞ்சாயிரமா? அத நான் சும்மாவே சொல்லியிருப்பேனே!"

பேச்சு நியாயம்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். மிச்சமிருந்த 25 லட்சத்துக்கு 15,000 என்பது 0.6 சதவீதம், அதுவும் ஒரே ஒரு தடவை. அந்த 25 லட்சம் முழுவதையும் ஒரு சதவீதக் கமிஷன் போகும் திட்டங்களில் வைத்திருந்தால் வருடம் 25,000, ஒவ்வொரு வருடமும். முன்னது பர்ஸிலிருந்து போனதால் வலித்தது. பின்னது போயிருந்தால் வலித்திருக்காது. இன்னொன்றும் உண்டு. தபால் அலுவலகத்தில் போடுங்கள், வேறொன்றும் செய்யாதீர்கள் என்று சொல்வதால் எந்தக் கமிஷன் முகவருக்கும் பத்துப் பைசா லாபமில்லை. மூத்த குடிமக்கள் திட்டத்துக்கும் பி.பி.எஃப்-புக்கும் முகவர் கமிஷனை அரசு 2011 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. அதனால்தான் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. நண்பர் கொடுத்த பதினைந்தாயிரம், சும்மா இருக்கச் சொல்லவும் ஒருவர் இருக்கட்டும் என்று கொடுத்தது. மகள் கல்யாணம் 2020 தையில், கடன் இல்லாமல் நடந்தது.

கட்டணம் வாங்குகிறவரெல்லாம் யோக்கியர், கமிஷன்காரரெல்லாம் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. சதவீதக் கணக்கில் கட்டணம் வாங்கும் ஆலோசகருக்கும் ஒரு சபலம் உண்டு. வீட்டுக் கடனை அடைக்கலாமா, பையனுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்டால், உங்கள் முதலீடு குறையும், அவர் கட்டணமும் குறையும். மேலும் 20 லட்சத்தைப் பார்த்துக்கொள்ள ஆகும் வேலையைவிட 40 லட்சத்தைப் பார்க்க இரட்டிப்பு வேலை ஆவதில்லை; கூலி மட்டும் இரட்டிப்பு. அதனால் நிலையான தொகை வாங்குகிறவரே நம் போன்றவர்களுக்குத் தோது என்பது என் அபிப்பிராயம்.

கமிஷன் பக்கத்திலும் நியாயம் உண்டு. எங்கள் கடைத்தெருவில் மாதாமாதம் கடை கடையாக ஏறி அஞ்சலக ஆர்.டி. வசூலிக்கும் பெண் முகவர்களைப் பார்க்கிறேன். வசூலில் 4 சதவீதம் அரசு அவர்களுக்குக் கொடுக்கிறது. நம் வட்டியில் பிடிப்பதில்லை. அவர்கள் படியேறி வராவிட்டால் அந்த டீக்கடைக்காரரும் பூக்காரம்மாவும் ஒரு ரூபாய் சேர்த்திருக்க மாட்டார்கள். அது உழைப்புக்கான கூலி. இங்கிலாந்தில் 2012 டிசம்பர் 31-லிருந்து முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷனையே தடை செய்தார்கள். நெதர்லாந்தும் அடுத்து அதையே செய்தது. ஆலோசனையின் தரம் உயர்ந்தது. கூடவே, கட்டணம் கொடுக்க முடியாத சிறு சேமிப்பாளர்களை ஆலோசகர்கள் கைகழுவியதும் நடந்தது. நம் நாட்டில் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். செபியில் பதிவு செய்த ஆலோசகர்கள் ஆயிரத்தை ஒட்டித்தான். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஒருவர் கமிஷனுக்குத்தான் ஆலோசனை சொல்வார் என்றால், சொல்லட்டும். எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

மாலையில் பூமலை சஞ்சீவிராயர் கோயில் பக்கம் நடக்கும்போது நண்பர்கள் கேட்பதுண்டு, என்னதான் கேட்க வேண்டும் என்று. நான் சொல்லும் ஐந்து கேள்விகள் இவை.

1. நீங்கள் ஆலோசகரா, விநியோகஸ்தரா? ஆலோசகரின் செபி பதிவு எண் ‘ஐ.என்.ஏ.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விற்பவருக்கு ‘ஏ.ஆர்.என்.’ எண். இரண்டும் இல்லாதவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

2. நான் இதை வாங்கினால் உங்களுக்கு, அல்லது உங்கள் வங்கிக்கு, எத்தனை ரூபாய் கிடைக்கும்? சதவீதமாகச் சொன்னால் ரூபாயில் எழுதித்தரச் சொல்லுங்கள்.

3. அது ஒருமுறையா, ஆண்டுதோறுமா?

4. இடையில் பணத்தை எடுத்தால் எவ்வளவு கையில் வரும்?

5. விண்ணப்பத்தை நிரப்பியபின் நகல் தருவீர்களா? வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. நண்பரைக் காப்பாற்றியதே அந்த நகல்தான்.

"முதல் பிரீமியத்தில் பாதியை நானே கட்டுகிறேன் சார்" என்று யாராவது சொன்னால் மகிழ்ந்து போகாதீர்கள். தன் கமிஷனிலிருந்து இப்படித் திருப்பிக் கொடுப்பது காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி குற்றம். பாதியைத் திருப்பிக் கொடுத்தும் அவருக்குக் கட்டுபடியாகிறது என்றால், கமிஷன் எவ்வளவு இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ஐந்து கேள்விகளையும் நாம் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதாது. நம் வயதில் யார் முன்னே, யார் பின்னே என்று யாருக்குத் தெரியும்? நமக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியமும் சேமிப்பும் வீட்டுக்காரி பெயருக்கு மாறும். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள், துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் ஒருவர் கையில் படிவத்தோடு வருவார். அன்றைக்கு அவளிடம் கேள்வி இருக்க வேண்டும். என் மனைவிக்கு ஒரு நோட்டில் இந்த ஐந்தையும் எழுதி, கணக்குப் புத்தகங்கள் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். நீங்களும் இன்றைக்கே எழுதி வையுங்கள். அரைப் பக்கம்தான் ஆகும்.